அடிக்கு ரெண்டு நூல் வாட்டம்

மார்கழியில் ஒரு விடிகாலை, அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. முட்டி வீங்கி, பத்து நாள் சுவரைப் பிடித்தபடிதான் நடந்தார். எந்த இடத்தில் வழுக்கியது என்று நான் கேட்கவே இல்லை, எனக்கே தெரியும். வாளி வைக்கிற மூலையில் குளித்து முடித்து ஒரு மணி நேரம் ஆனாலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் நிற்கும். விளக்குமாற்றால் தள்ளிவிட்டால்தான் போகும். அன்றைக்கும் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பழங்காநத்தத்தில் 1998-ல் அப்பா கட்டிய வீடு இது. இத்தனை வருஷத்தில் அந்தப் பாத்ரூமில் தண்ணீர் தானாகப் போனதே கிடையாது. யாராவது தள்ளித்தான் போயிருக்கிறது.

தையிலிருந்து கொத்தனார் தேடினேன். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸை ஒட்டி, ஒட்டும்போதே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, எடுத்துக்கொள்ளலாம், ரெண்டு நாள் வேலை. உடைத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டதும், சித்திரைத் திருவிழா முடியட்டும் என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரைக்கும் மதுரையில் ஆள் கிடைப்பது சிரமம் என்பது உண்மைதான். எனக்கு அந்த நாட்களில் விடுப்பு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நாற்பது வருஷம் கொத்துக்கரண்டி பிடித்தவர், முழங்கால் தேய்ந்துபோய் வீட்டில் இருக்கிறார். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொன்னேன். "நான் நாற்காலி போட்டு உக்காந்து சொல்றேன், நீ செய்யி தம்பி. ஆனா எனக்குத் தெரியாம சாந்து குழைக்காத" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

உடைக்க ஒன்றரை நாள் ஆனது. எட்டு இஞ்ச் சதுரத்தில் பளபளக்கிற வெள்ளை டைல்ஸ். பாதி டைல்ஸுக்கு உளியே தேவைப்படவில்லை, கையால் நெம்பியதும் வந்துவிட்டன. அடியில் நடுவில் மட்டும் ஒரு கரண்டி சாந்தை அப்பி மேலே டைல்ஸை வைத்துத் தட்டியிருக்கிறார்கள். நாலு ஓரமும் வெறும் பொந்து. அதற்குக் கீழே இருந்த சாந்துப் படுகை கறுத்து, பிசுபிசுவென்று, சாக்கடை நாற்றத்தோடு இருந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் அந்த அறையில் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார், நான் மாடித் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் மூன்று நாள் கழித்தும் தரைக்கு அடியில் சேறு.

படுகையை வாரிப் போட்டுவிட்டு, அடியில் இருந்த கான்கிரீட்டில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. திருப்பி வைத்தாலும் நடுவில்தான். போட்டவர் நல்ல வேலைக்காரர் என்பதில் சந்தேகம் இல்லை, பரம்படித்த வயல் மாதிரி அவ்வளவு மட்டம். நாற்றுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதனால் வயலுக்கு அது சரி. இங்கே தண்ணீர் நிற்கக்கூடாது.

அந்த நிமிஷத்தில்தான் ஹால் பக்கத்துச் சுவரின் நோய் எனக்குப் புரிந்தது. பாத்ரூமுக்கு மறுபக்கம், ஹாலில் ரெண்டு அடி உயரத்துக்கு எப்போதும் உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரியும். மூன்று முறை சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். டைல்ஸில் வெள்ளையாகப் படிந்துவிடும், படிந்ததை எடுக்க ஆசிட் ஊற்றுவோம். ஆசிட் உப்பைக் கரைக்கிற அதே வேகத்தில் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற வெள்ளை சிமெண்டையும் கரைக்கும். இடுக்கு வாய் திறந்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பொந்துகளில் தங்கி, படுகையை நனைத்து, கான்கிரீட்டுக்கு வருகிறது. அங்கே ஒரு பக்கமும் சரிவு இல்லை, போக வழி இல்லை. செங்கல் சுவர் மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் அந்தத் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்கிறது.

ஆக, ஒரு பாத்ரூமுக்கு ரெண்டு தரை உண்டு. நம் கால் படுகிற தரை ஒன்று, அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நனைகிற தரை ஒன்று. வாட்டம் ரெண்டுக்கும் வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்து எடுக்கிற வாட்டம் மேல் தரைக்கு மட்டும்தான். என்னிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னது அந்த ஒன்றைத்தான். எங்கள் வீட்டுச் சுவரைக் கெடுத்ததோ மற்றது.

பெரியப்பா முதலில் கேட்ட கேள்வி, "டிராப் எங்க இருக்கு?" தரைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற வாய்தான் டிராப். அறை ஏழு அடிக்கு ஐந்து அடி. கதவு ஏழடிச் சுவர் ஒன்றில் ஓரமாக இருக்கிறது. பழைய நானி டிராப் எதிர்ச் சுவரின் கோடி மூலையில் இருந்தது. கதவு மூலையிலிருந்து அங்கே குறுக்காக ஏறக்குறைய எட்டு அடி. கொத்து வேலையில் எட்டு நூல் ஒரு இஞ்ச். குளிக்கிற தரைக்கு அடிக்கு ரெண்டு நூல் வாட்டம் என்பது அவர் கணக்கு. அதாவது கால் இஞ்ச், நூற்றுக்கு ரெண்டு பங்கு. எட்டு அடிக்குப் பதினாறு நூல், முழுதாக ரெண்டு இஞ்ச் இறங்க வேண்டும். ஹால் தரையிலிருந்து பழைய கான்கிரீட் மூன்றரை இஞ்ச் ஆழத்தில்தான் இருந்தது. கதவுப் பக்கம் ஹாலைவிட ஒரு இஞ்ச் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் ஹாலுக்குள் வராது. அந்த ஒரு இஞ்ச், வாட்டம் ரெண்டு இஞ்ச், டைல்ஸும் பசையும் அரை இஞ்ச். மூன்றரையும் முடிந்துவிட்டது. படுகைக்கு இடமே இல்லை.

வாட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வாட்டத்தக் குறைக்காத. டிராப்ப நகத்து" என்றார். வெளியே சேம்பர், கழிவுநீர்க் குழாய் போய்ச் சேருகிற தொட்டி, அந்த எதிர்ச் சுவருக்குப் பின்னால் நடுவாக்கில்தான் இருக்கிறது. டிராப்பைச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்தால் குழாயும் நீளம் குறையும், தூரத்து மூலையும் ஐந்தே முக்கால் அடிக்குள் வந்துவிடும். பதினொன்றரை நூல் இறக்கம் போதும். தரை வேலை என்றால் டைல்ஸ் கடையில் ஆரம்பிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். டிராப் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்பது முடிவான பிறகுதான் மற்ற எல்லாம்.

டிராப்பைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, மூன்று இஞ்ச் பிவிசி குழாயில் சேம்பருக்கு இணைத்தேன். குழாய்க்கும் அதே ரெண்டு நூல் கணக்குதான், நாலு அடிக்கு ஒரு இஞ்ச். டிராப்புக்குள் ரெண்டு இஞ்ச் தண்ணீர் எப்போதும் நிற்கிற வகையாகப் பார்த்து வாங்கினேன். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. அந்த இடத்தில் கான்கிரீட்டை எப்படியும் உடைத்தாகிவிட்டதால், டிராப்பைச் சுற்றி ரெண்டு அடிக்குப் புதுக் கான்கிரீட்டை ஒரு இஞ்ச் இறக்கியே போட்டேன். இல்லையென்றால் அங்கே படுகை அரை இஞ்ச் சொச்சம்தான் கிடைத்திருக்கும், அவ்வளவு மெல்லிய சாந்து வெடித்துப் பெயர்ந்துவிடும்.

அடுத்தது மட்டம். வாடகைக்கு லேசர் கிடைக்கிறது என்றேன். பெரியப்பா டியூப் லெவல்தான் எடுக்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி ரெண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், ரெண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய்யாகிவிடும். அதனால் முதலில் டியூபை முழுக்கத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டும். ஹால் தரையிலிருந்து சரியாக மூன்று அடி உயரத்தில் பாத்ரூம் சுவர் நாலிலும் சுற்றி ஒரு கோடு. அதற்குப் பிறகு எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து கீழே. கதவுச் சுவரின் ரெண்டு மூலையிலும் டைல்ஸ் முகம் 37 இஞ்ச். டிராப் வாயில் 38 இஞ்ச் 3½ நூல். டிராப் இருக்கிற சுவரின் ரெண்டு மூலையிலும் 37 இஞ்ச் 4½ நூல். படுகை முகம் இவை ஒவ்வொன்றுக்கும் நாலு நூல் கீழே. இதைச் சுவரிலேயே பென்சிலால் எழுதிவைத்தேன். காகிதம் ஈரத்தில் போய்விடும், சுவர் போகாது.

டிராப்பிலிருந்து கதவுச் சுவர் மூலைகள் ரெண்டுக்கும் நூல் கட்டினால் தரை மூன்று முக்கோணமாகப் பிரிகிறது. தபால் உறையின் மடிப்பு மாதிரி, ஒவ்வொன்றும் டிராப்பை நோக்கிச் சாய்கிற ஒரு பலகை. சாய்வைச் சோதிக்க ஒரு கருவி செய்துகொண்டேன். மூன்றடி அலுமினிய மட்டப்பலகையின் ஒரு முனைக்கு அடியில் முக்கால் இஞ்ச் பிளைவுட் துண்டை ஒட்டினேன். மூன்று அடிக்கு ஆறு நூல் இறக்கம், அது முக்கால் இஞ்ச்தான். துண்டு ஒட்டிய முனை டிராப் பக்கம் இருக்கும்படி வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் வாட்டம் சரி. இதைப் பார்த்துப் பெரியப்பா வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எனக்கு முப்பது வருசத்துக்கு முன்னாடி குடுத்துருக்கணும்" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

படுகைக்கு ஒன்றுக்கு நாலு கலவை. 35 சதுர அடிக்குச் சராசரி ஒன்றரை இஞ்ச் கனம் என்று வைத்தால் ஒரு மூட்டை சிமெண்டும் ஐந்து கன அடி மணலும் ஏறக்குறைய சரியாக வரும். பைபாஸ் ரோட்டில் எம் சாண்ட் வாங்கினேன். பூச்சுக்கு விற்கிற சன்ன ரகத்தை வேண்டாம் என்று பெரியப்பா தடுத்தார், படுகைக்கு நறநறவென்று இருக்க வேண்டுமாம். கான்கிரீட் முகத்தைப் பொளிந்து, முந்தின ராத்திரியே நனைத்து, காலையில் நிற்கிற தண்ணீரைத் துடைத்துவிட்டு சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து, அது காய்வதற்குள் சாந்தைப் போட வேண்டும். பெரியப்பா சொன்ன பதம்: உள்ளங்கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது.

முதல் கலவையில் நான் அந்தப் பதத்தைத் தவறவிட்டேன். வெயிலுக்குச் சீக்கிரம் இறுகிவிடும் என்று பயந்து ஒரு சொம்புத் தண்ணீர் கூட ஊற்றிவிட்டேன். போடும்போது வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்தது, சாந்தைத் தேய்த்து மட்டமாக்குகிற மணியாசு கட்டைக்கு அடியில் அழகாக இழைந்தது. அரை மணி நேரம் கழித்துப் பலகையை வைத்தால் குமிழி நகர்ந்திருந்தது. ஈரச் சாந்து சரிவில் மெல்ல இறங்கி, மேலே இளைத்து, டிராப் பக்கம் தடித்திருக்கிறது. இடது முக்கோணத்தில் ரெண்டு அடிக்கு வாட்டமே இல்லை. பசை போடும்போது சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியது. பெரியப்பா எதுவும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். முழு முக்கோணத்தையும் வாரி எடுத்துவிட்டு, மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் மறுபடி போட்டேன். இந்த முறை கொழுக்கட்டைப் பதம். துண்டு டைல்ஸ்களைச் சாந்தில் பதித்து உயரக் குறிகளாக வைத்து, அவற்றின் மேல் பலகையை இழுத்து, பிறகு குறிகளைப் பிடுங்கி அந்தக் குழிகளை அடைத்தேன். ஈரச் சாக்கைப் போர்த்தி ஏழு நாள் தண்ணீர் காட்டினேன்.

அந்த ஏழு நாளுக்குள் அம்மா ஒருமுறை வந்து பார்த்தார். கையோடு தான் குளிக்கும்போது உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலையும் கொண்டுவந்திருந்தார். படுகை மேல் வைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஆடல ராசா" என்றார். அடிக்கு மூன்று நூலுக்கு மேல் போனால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும், ஆனால் ஸ்டூல் சாயும், வயசானவர்களுக்குக் கணுக்கால் மடங்கும். எல்லா ஓரமும் ஒரே உயரத்தில் இருந்தால் சுவர் டைல்ஸின் அடிவரிசை நேர்கோடாகத் தெரியும், பார்க்க லட்சணம்தான். அதற்காக டிராப் சுவரின் மூலைகளையும் தூக்கியிருந்தால் அந்தப் பக்கம் அடிக்கு மூன்று நூலைத் தாண்டியிருக்கும். அதனால்தான் அவற்றைத் தாழ்த்தினேன்.

படுகை காய்ந்த பிறகு நீர்த்தடைப் பூச்சு. பொடியும் பாலுமாக ரெண்டு டப்பாவில் வருகிற வகை. சுவரும் தரையும் சேர்கிற மூலையை முதலில் சாந்தால் உள்வளைவாக மொழுகி, அதன் மேல் வலைத்துணி வைத்துப் பூசினேன். விரிசல் எப்போதும் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். முதல் கோட் கிழக்கு மேற்காக, அது காய்ந்ததும் ரெண்டாவது தெற்கு வடக்காக. சுவரில் அடிவரிசை டைல்ஸை எடுத்திருந்த ஒரு அடி உயரத்துக்கும் ஏற்றினேன். டிராப்பின் கழுத்துக்கு உள்ளேயும் விரலால் தடவிவிட்டேன். பூச்சு படுகைக்கு அடியில் இல்லை, மேலே. டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் இறங்கினாலும் படுகை நனையாது, சரிவில் வழிந்து டிராப்புக்கே போய்விடும். அதற்கு வழி இருக்க வேண்டுமே. டிராப்பின் விளிம்பைப் படுகை மட்டத்தோடு நிறுத்தி, மேலே வருகிற சல்லடைச் சட்டத்தின் அடியில் நாலு பக்கமும் பசை அடைக்காமல் சந்து விட்டேன். மேல் தரையின் தண்ணீரும் அடித்தரையின் தண்ணீரும் சேருகிற இடம் அதுதான். சாதாரணமாக அந்தச் சட்டத்தைச் சுற்றி சிமெண்டை அப்பி அடைத்துவிடுவார்கள்.

சாக்குத்துணியில் மணலைக் கட்டி டிராப்பை அடைத்து, கதவுப் பக்கம் ஒரு வரிசை செங்கல் வைத்து, தண்ணீர் தேக்கினேன். ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். இந்த வெயிலில் தண்ணீர் தானாகவே ஆவியாகும், குறைந்தால் கசிவா ஆவியா என்று எப்படிச் சொல்வது? பக்கத்திலேயே ஓர் அகலமான பிளாஸ்டிக் பேசினிலும் தண்ணீர் வைத்து, ரெண்டிலும் பென்சில் கோடு போட்டேன். மறுநாள் ரெண்டும் ஒரே அளவுதான் இறங்கியிருந்தன. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் போன விதத்தை நின்று பார்த்தேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓரம் பின்வாங்கிக்கொண்டே வந்து, கடைசியில் டிராப்பைச் சுற்றி ஒரு வட்டமாகச் சுருங்கி மறைந்தது. எங்கேயும் தட்டு அளவு நிற்கவில்லை.

டைல்ஸ் ஒரு அடி சதுரம், சொரசொரப்பு. மிகவும் முரடாக இருந்தால் உப்பு அந்தக் குழிகளில் ஏறிக்கொள்ளும் என்பதால் நடுத்தரமாகப் பார்த்து எடுத்தேன். மடிப்புக் கோட்டில் வருகிற ஒவ்வொரு டைல்ஸையும் கோட்டோடு அறுத்து ரெண்டாக்க வேண்டும். முழு டைல்ஸ் மடியாது, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், காலைத் தட்டும். பல் கரண்டியால் பசையைத் தரையிலும், டைல்ஸின் முதுகிலும் பூசி ஒட்டினேன். சிமெண்டில் ஒட்டும்போது டைல்ஸை ஊறவைப்பார்கள், இந்தப் பசைக்கு ஊறவைக்கக்கூடாது. மறுநாள் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டினேன், மூன்றில் பொந்துச் சத்தம் வந்தது, பிடுங்கி மறுபடி ஒட்டினேன். இடுக்குக்கு எபாக்ஸி. ஆசிட் பட்டாலும் வெள்ளை சிமெண்ட் மாதிரி அரிக்காது. இந்தச் சூட்டில் சீக்கிரம் கல்லாகிவிடுகிறது, ஒரு கிண்ணம் அளவுக்கு மேல் கலக்கவே கூடாது.

பெரியப்பா கம்பை ஊன்றி வந்து கதவு மூலையில் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்லக் கவிழ்த்தார். அது மடிப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, டிராப்புக்குப் போய்ச் சேர்ந்தது. "நிக்கிற ஆளுக்கு வாட்டம் தெரியக்கூடாது, தண்ணிக்குத் தெரியணும்" என்றார். அங்கிட்டும் இங்கிட்டும் ரெண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, காபி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்குப் போனார்.

ஹால் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. உப்பைச் சுரண்டி, பழைய பூச்சை ரெண்டு அடிக்குக் கொத்தி எடுத்து, செங்கலைத் திறந்து போட்டிருக்கிறேன். வேலை முடிந்த அன்று ஈரத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பதினைந்து நாளுக்கு ஒரு கோடு. இப்போது நாலு கோடு இருக்கிறது, முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே என் ஒரு சாண்.